பம்ப் கெடவில்லை, கரண்ட் போய்ச் சேரவில்லை

(வாகன மின்பழுது நீக்குவோரும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



இன்றைக்கு ஒரே ஒரு சர்க்யூட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெட்ரோலில் ஓடும் மினி லாரி ஒன்றின் டேங்குக்குள் பியூயல் பம்ப் இருக்கிறது. பேட்டரியில் கிளம்பும் கரண்ட் அந்தப் பம்ப் வரைக்கும் போய், மறுபடி பேட்டரிக்கே திரும்பிவருகிற வழி ஒன்று இருக்கிறது. அந்த வழியில் எங்கே அடைப்பு என்று கண்டுபிடிப்பதுதான் விஷயம். சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால், நம் பட்டறைகளில் நல்ல பம்ப்புகள் எத்தனை குப்பைக்குப் போகின்றன என்று பார்க்கிறவன் நான். அந்தக் காசு யாருடைய காசு? காலையில் சந்தைக்கு லோடு அடித்து, மாலையில் வாடகை வாங்கி, மாதக் கடைசியில் டியூ கட்டுகிறவருடைய காசு. அதனால்தான் இதைப் பேசியே ஆகவேண்டும் என்று வந்திருக்கிறேன்.

நம் மூத்த மெக்கானிக்குகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. பழைய டாடா 1210-ஐயோ லேலண்ட் காமெட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஒருமுறை பிடித்துக்கொண்டால், பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்தாலும் ஊர் போய்ச் சேரும். டீசலைத் தள்ளுகிற பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் இரும்புப் பம்ப். இன்ஜின் ஓட ஒயர் ஒன்றும் வேண்டாம். வண்டி நின்றால் ஏர் பிடித்திருக்கும், இல்லையென்றால் பில்டர் அடைத்திருக்கும். இப்போது வருகிற சிறிய பெட்ரோல் வண்டிகளில் நிலைமை வேறு. பம்ப் டேங்குக்குள் முங்கிக் கிடக்கிறது. அதை ஓட விடலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது இ.சி.யு. என்கிற இன்ஜின் கணினி. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபிறகு, புதிதாக வருகிற சின்ன வண்டி, பெரிய வண்டி எதுவுமே இ.சி.யு. சொல்லாமல் ஒரு சொட்டு எரிபொருள் தெளிப்பதில்லை. இரும்பைப் படித்தவர்கள் கரண்டையும் படித்தாக வேண்டிய காலம் இது.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பியூஸ், பெரும்பாலும் 15 ஆம்பியர். அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் நம்பர் கால். ரிலே இழுத்தால் 87-ல் வெளியே வரும். பிறகு சேசிஸ் ஓரமாகவே பின்னால் ஓடுகிற நீண்ட ஒயர். வழியில் இரண்டு மூன்று கப்ளர்கள். டேங்க் தலையில் கடைசிக் கப்ளர். பம்ப்புக்குள் நுழைந்து வெளியே வந்து, எர்த் ஒயராகி, ஒரு போல்ட்டில் சேசிஸைப் பிடிக்கும். சேசிஸ் வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும். ரிலேயின் சுருள் இருக்கிற 85, 86 கால்கள் தனிக் கதை. சாவி போட்டதும் ஒரு காலுக்கு பிளஸ் வரும். இன்னொரு காலை இ.சி.யு. எர்த் செய்யும். சுருள் குடிப்பது ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு, கூடினால் இரண்டு பங்கு. அந்தச் சின்னக் கரண்டை வைத்து ஐந்து, ஆறு ஆம்பியரை ஆள்வதற்குத்தான் ரிலே.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருகிறது. கருவி எதையும் தொடுவதற்கு முன் டேங்க் பக்கம் காதை வைத்துக்கொண்டு, வேறொருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். இரண்டு வினாடி அளவுக்கு ஒரு 'ஊஉம்' சத்தம் கேட்க வேண்டும். இ.சி.யு. பம்ப்பை முன்கூட்டியே ஓட்டி லைனில் பிரஷரை ஏற்றிவைக்கிற நேரம் அது. சத்தம் கேட்டு, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் பம்ப் ஓடவில்லை என்றால் பம்ப்பைச் சந்தேகப்பட வேண்டாம். இன்ஜின் சுற்றுகிறது என்ற செய்தி இ.சி.யு.வுக்குப் போகவில்லை என்று அர்த்தம். கிராங்க் சென்சாரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம். பூஜ்யம் காட்டினால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. பம்ப் நன்றாக ஓடியும் பிரஷர் கேஜில் மூன்று, நான்கு பார் வரவில்லை என்றால் அது பில்டர், ரெகுலேட்டர், லைன் சம்பந்தப்பட்டது. அது வேறு பாடம்.

பம்ப் ஓடவே இல்லை, அல்லது ஓடுகிறது, ஆனால் சோர்ந்து ஓடுகிறது. நம் பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறோம்? டேங்க் மேல் கப்ளரைப் பிடுங்குகிறோம். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பிளஸ் பின்னில் வைக்கிறோம். கறுப்பு முனையைச் சேசிஸில் கண்ணில் பட்ட போல்ட்டில் வைக்கிறோம். சாவி போட்டால் 12.6 என்று காட்டுகிறது. "கரண்ட் நல்லா வருது, பம்ப்தான் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

நண்பர்களே, அந்த 12.6 பொய்ச் சாட்சி. காரணத்தை நிதானமாகப் பார்ப்போம்.

டிஜிட்டல் மல்டிமீட்டருக்குள் இருக்கும் தடை சாதாரணமாக ஒரு கோடி ஓம். பேட்டரியிலிருந்து அதன் வழியாகப் போகிற கரண்ட் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதற்குச் சற்று மேல். இருபது இழை இருக்க வேண்டிய ஒயரில் பத்தொன்பது அறுந்து ஒரே இழை மிச்சம் இருந்தாலும் அந்தக் கரண்ட் தாராளமாகப் போகும். கப்ளர் பின் களிம்பேறி ஆயிரம் ஓம் தடை காட்டினாலும், மீட்டரில் குறைவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். திரையில் 12.6 அப்படியே நிற்கும். ஆனால் பம்ப்பை ஓட்ட ஐந்து ஆம்பியர் வேண்டும். அந்த ஐந்து ஆம்பியர் ஒற்றை இழையில் போகுமா?

ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் ஓம் 1827-ல் நூலாக வெளியிட்ட விதியைப் பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதைப் பட்டறையில் எடுத்துப் பயன்படுத்துவதுதான் குறைவு. ஒரு கப்ளர் பின்னில் அரை ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வையுங்கள். அரை ஓம் என்பது ஒன்றுமே இல்லை. மல்டிமீட்டரின் சாதா ஓம் அளவில் வைத்தால் முனைகளின் தடையா பின்னின் தடையா என்றே பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து ஆம்பியர் ஓடும்போது அந்த அரை ஓம் இரண்டரை வோல்ட்டை விழுங்கிவிடும். விழுங்கியது எங்கே போகிறது? பன்னிரண்டரை வாட் சூடாக அந்தப் பின்னிலேயே இறங்குகிறது. உளுந்து அளவு பித்தளைத் தகட்டில் பன்னிரண்டரை வாட். கப்ளரின் வெள்ளைப் பிளாஸ்டிக் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் பின்னைச் சுற்றி உருகி இளகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்தைப் பார்த்ததும் "இங்கே எத்தனை வோல்ட் இறங்கியிருக்கும்?" என்று மனசு கணக்குப் போட வேண்டும்.

ஆகவே, சுமை இல்லாமல் எடுக்கிற வோல்ட் அளவு, ஒயர் முழுதாக அறுந்திருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாது. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். பம்ப் ஓடுகிற நிலையில் இருந்தால் கப்ளரைப் பிடுங்காதீர்கள். மாட்டியபடியே பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையை நுழைத்து அளவெடுங்கள். நான்கு அளவு போதும். பேட்டரியின் இரண்டு முனைக்கு நடுவே ஒன்று. பம்ப்பின் இரண்டு பின்னுக்கு நடுவே ஒன்று. பேட்டரி பிளஸ்ஸுக்கும் பம்ப் பிளஸ் பின்னுக்கும் நடுவே ஒன்று. பம்ப் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே ஒன்று. பின்னால் சொன்ன இரண்டும் வழியில் தொலைகிற வோல்ட். பிளஸ் பக்கம் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எர்த் பக்கம் 0.2-ஐத் தாண்டினாலே நிறுத்தித் தேட வேண்டும். பேட்டரி வோல்ட்டிலிருந்து இந்த இரண்டையும் கழித்தால் பம்ப் வோல்ட் வரவேண்டும். வரவில்லை என்றால் எடுத்த அளவில் பிழை இருக்கிறது. கணக்கே உங்களைச் சரிபார்க்கும்.

பம்ப் சுத்தமாக ஓடவில்லை என்றால் என்ன செய்வது? ஹெட்லைட் பல்பு ஒன்று வேண்டும். 55 வாட் இழை நாலரை ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும். ஏறக்குறைய பம்ப் குடிக்கிற அளவு. பம்ப்புக்குப் பதில் அதைக் கப்ளரின் இரண்டு பின்னுக்கு நடுவே மாட்டுங்கள். பிளஸ் பின்னுக்கும் சேசிஸுக்கும் நடுவே அல்ல. பம்ப்பின் சொந்த எர்த் பின்னிலேயே மாட்டுங்கள். ரிலேயைக் கழற்றிவிட்டு, 30-ஐயும் 87-ஐயும் பியூஸ் போட்ட ஜம்பர் ஒயரால் இணையுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து, பின்களில் கிடைக்கும் வோல்ட் பேட்டரி வோல்ட்டைவிட முக்கால் வோல்ட்டுக்கு மேல் குறையவில்லை என்றால் ஒயர் வழி சுத்தம்; இந்தச் சோதனையில் சேராத ரிலேயையும் அதன் சுருள் வழியையும் பார்த்துவிட்டுப் பம்ப்பைக் கழற்றலாம். பல்பு மங்கினால் குறை வழியில் இருக்கிறது, பம்ப்பை இன்னும் குற்றம் சொல்ல முடியாது.

இதைச் செய்யும்போது உயிர் விஷயம் ஒன்று இருக்கிறது. பல்பு சுடும், பக்கத்தில் பெட்ரோல். ஆகவே பல்புக்கு நீண்ட ஒயர் போட்டு, டேங்கிலிருந்து எட்டிக் கேபின் பக்கம் வையுங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் சோதனையே வேண்டாம். முதலில் கசிவைப் பாருங்கள். எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு, ஜம்பரைக் கடைசியாக ரிலே பெட்டியில் செருகுங்கள். எடுக்கும்போதும் அதை முதலில் எடுங்கள். பொறி பறப்பதாக இருந்தால் டேங்க் தலையில் பறக்கக் கூடாது. பியூஸ் பெட்டிப் பக்கம் பறக்கட்டும். பம்ப் பெட்ரோலுக்குள் இருந்தும் தீப்பிடிப்பதில்லையே என்று சிலர் கேட்பார்கள். உள்ளே பெட்ரோல் நிறைந்திருக்கிறது, எரிய வேண்டிய அளவுக்குக் காற்று இல்லை. வெளியே அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிற மினி லாரி. காலி வண்டியாக ஓடும்போது குறை தெரியாது. லோடு ஏற்றி மேட்டில் ஏறினால் இழுக்காது, முக்கும், சில நேரம் நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துச் சாவி போட்டால் ஓடும். வேறு இடத்தில் பம்ப்பை மாற்றியிருந்தார்கள். புதுப் பம்ப் மாட்டியதும் சில நாள் சரியாக இருந்ததால் நோய் தீர்ந்ததென்று நம்பிவிட்டார்கள். பிறகு அதே கதை. என்னிடம் வந்தபோது உரிமையாளர் கேட்டது, "அண்ணே, கம்பெனி பம்ப்பே போட்டுடலாமா?" என்பதுதான்.

இன்ஜின் ஓடுகையில் அளந்தோம். பேட்டரியில் 13.9. பம்ப்பின் இரண்டு பின்னுக்கு நடுவே 10.2. பிளஸ் பக்கத்தில் தொலைந்தது வெறும் 0.4. எர்த் பக்கத்தில் தொலைந்தது 3.3. வண்டிக்கடியில் படுத்து எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், சேசிஸில் அது பிடிக்கிற போல்ட் புது லோடு பாடி கட்டியபோது பெயின்ட் அடித்து மறைக்கப்பட்டிருந்தது. போல்ட்டைக் கழற்றினால் ஒயர் நுனியின் வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவே முழுக்கப் பெயின்ட். ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று தொட்டுக்கொண்டிருந்தது. அதுவும் காய்கறித் தண்ணீர் சொட்டிச் சொட்டித் துருப்பிடித்துக் கிடந்தது. அந்தக் கீற்றில்தான் ஒரு குடும்பத்தின் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்து, புது வளையம் கிரிம்ப் செய்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினோம். எர்த் பக்கத்து இழப்பு 0.1-க்கு வந்தது. பம்ப்புக்கு 13.4 கிடைத்தது. முதலில் கழற்றிப்போட்ட பழைய பம்ப் அவர் வண்டியிலேயே சாக்கில் கிடந்தது. அதைப் பெஞ்சில் ஓட்டிப் பார்த்தால் பிரஷர் குறையில்லாமல் வந்தது.

புதுப் பம்ப்பில் ஏன் சில நாள் ஓடியது என்பதையும் யோசிக்க வேண்டும். தேயாத பம்ப் பத்து வோல்ட்டிலும் ஓரளவு பிரஷர் கொடுத்துவிடும். எர்த் இன்னும் கொஞ்சம் மோசமானதும், மேட்டில் இன்ஜின் கூடுதலாகப் பெட்ரோல் கேட்டபோது, அதுவும் கை விரித்துவிட்டது. பாகத்தை மாற்றி வண்டி ஓடிவிட்டால் நோய் அதுதான் என்று ஆகிவிடாது. மாற்றிய பிறகு எடுக்கிற அளவும் அதைச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டிலும் இந்தச் சர்க்யூட் பல பாடம் கற்றுக்கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் 1980-களின் கடைசியில் வந்த செவ்ரோலே பிக்கப் லாரிகளில் பம்ப்புக்கு இரண்டு வழி வைத்தார்கள். ரிலே வழி ஒன்று. இன்ஜின் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழி இன்னொன்று. ரிலே செத்துப்போனாலும் செல்ஃபை நீட்டி அடித்து ஆயில் பிரஷர் ஏறியதும் சுவிட்ச் மூடிப் பம்ப் ஓடும், வண்டி கிளம்பும். காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது என்று வந்த வண்டிகளில், விவரம் தெரிந்தவர்கள் முதலில் ரிலேயைத்தான் பார்த்தார்கள். 2004-லிருந்து 2008 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 லாரிகளில் பம்ப்பின் வேகத்தை ஆள்கிற மாட்யூல் பின்பக்கம் சேசிஸோடு ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன் அலுமினிய முதுகும் சேசிஸ் இரும்பும் உரசி, நடுவில் ஈரமும் சாலை உப்பும் சேர்ந்து, அலுமினியம் அரித்து, மாட்யூலே ஓட்டையாகிப் போனது. பம்ப் நன்றாகவே இருந்தது. கிரைஸ்லர் நிறுவனம் 2014-ல் தன் 2011 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பெரிய பவர் பெட்டிக்குள்ளேயே பொதிந்து வைத்த பியூயல் பம்ப் ரிலே பழுதாகிக்கொண்டிருந்தது. தீர்வு என்ன தெரியுமா? பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு ரிலேயை வைத்து ஒயர் இழுத்தார்கள். மூன்று கதையிலும் வண்டி நின்ற காரணம் டேங்குக்கு வெளியே இருந்தது.

ரிலே பற்றிச் சொல்லும்போது ஒன்று. பக்கத்தில் அதே நம்பர் ரிலே ஹாரனுக்கோ விசிறிக்கோ இருக்கும். மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம், காசு செலவில்லை. ஆனால் 'டிக்' என்று சத்தம் கேட்டதால் ரிலே நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். சத்தம் சுருளுடையது. கரண்டைக் கடத்துவது கான்டாக்ட். அது கருகியிருந்தாலும் 'டிக்' கேட்கும். ஓடும்போது 30-க்கும் 87-க்கும் நடுவே வோல்ட் அளந்து பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் வரவேண்டும்.

இப்போது மனசுக்கு மிகவும் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். பழுது கிடைக்கவில்லை என்றதும் 'டைரக்ட் லைன்' இழுத்துவிடுகிற வழக்கம். சாவி ஒயரிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ நேராகப் பம்ப்புக்கு ஒரு ஒயர். வண்டி ஓடும், டிரைவர் சந்தோஷமாகப் போவார். ஆனால் இன்ஜின் சுற்றுவது நின்றால் பம்ப்பை நிறுத்துவது இ.சி.யு.வின் வேலை. அது எதற்காக? வண்டி மோதிக் கவிழ்ந்து பெட்ரோல் லைன் அறுந்தால், பம்ப் தொடர்ந்து பெட்ரோலைச் சூடான சைலன்ஸர் மேல் பீய்ச்சக் கூடாது என்பதற்காக. டைரக்ட் ஒயர் இழுத்தவர் அந்தக் காவலை அறுத்துவிடுகிறார். கேபினுக்குள் மயங்கிக் கிடக்கிறவருக்குச் சாவியைத் திருப்பத் தெம்பு இருக்காது. அவசரத்துக்கு வண்டியைப் பட்டறை வரை கொண்டுவரக்கூட இதைச் செய்யாதீர்கள். கட்டி இழுத்து வாருங்கள்.

இன்னொரு பழக்கம், ஊசி முனை டெஸ்டரை ஒயரின் தோலில் குத்திப் பார்ப்பது. குத்திய ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மழைத் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும். இரண்டு மழைக்காலம் போனால், உள்ளே செம்பு பச்சையாகப் பூத்துக் களிம்பேறி மாவாக உதிரும். செம்பில் களிம்பை ஆன்மாவின் மலத்துக்கு உவமை சொன்ன சைவ சித்தாந்திகள் இந்த உலோகத்தை உற்றுப் பார்த்தவர்கள்: அது வெளியிலிருந்து வந்து ஒட்டியதாகத் தெரியாமல், செம்போடு பிறந்ததுபோலப் படர்ந்திருக்கும். ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனால் ஓரிடம் உப்பியும் விறைத்தும் இருக்கும். அங்கே வெட்டிப் பாருங்கள். வழியில்லாமல் குத்தியே ஆகவேண்டும் என்றால், குத்திய இடத்தை அப்போதே தண்ணீர் புகாமல் மூடுங்கள்.

ஐ.டி.ஐ. மாணவர்கள் கருவியின் விலையை எண்ணித் தயங்க வேண்டாம். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று, பியூஸ் போட்ட ஜம்பர் ஒயர் ஒன்று, பின்பக்கம் நுழைக்கிற மெல்லிய ஊசி இரண்டு. இவ்வளவுதான். கையில் காசு சேர்ந்தால் கிளாம்ப் மீட்டரும் சின்ன ஆசிலோஸ்கோப்பும் வாங்குங்கள். பம்ப் மோட்டாரின் கரண்டைத் திரையில் பார்த்தால் கம்யூட்டேட்டர் துண்டு ஒவ்வொன்றும் ஒரு மேடாகத் தெரியும். ஒரு மேடு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி இருந்தால் அந்தத் துண்டு தேய்ந்துவிட்டது. அப்போது பம்ப்பைத் தைரியமாக மாற்றலாம். வழியில் குறையில்லை, பம்ப்புக்கு முழு வோல்ட் கிடைக்கிறது, ஆனாலும் அது வழக்கத்தைவிட அதிக ஆம்பியர் குடிக்கிறது என்றாலும் பில்டர் அடைப்பையும் பம்ப்பையும் சந்தேகப்படலாம். பம்ப் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. டேங்கில் ரிசர்வ் மட்டத்திலேயே ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் சூடாகித் தேயும், ஏனென்றால் அதைக் குளிர்விப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். உரிமையாளர்கள் இதை டிரைவர் தம்பிகளிடம் சொல்லுங்கள்.

உரிமையாளர்களுக்கும் ஒரு உரிமை உண்டு. யாராவது "பம்ப் போச்சு" என்றால், "ஓடும்போது பம்ப் பின்னில் எத்தனை வோல்ட் இருந்தது, எர்த் பக்கம் எத்தனை?" என்று கேளுங்கள். கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்கிற மெக்கானிக் நல்ல மெக்கானிக் இல்லை.

தொழில் நண்பர்களிடம் ஒரே வேண்டுகோள். இனிமேல் பியூயல் பம்ப் மாற்றினால், மாற்றுவதற்கு முன் எடுத்த நான்கு அளவையும் பில்லில் எழுதிக் கொடுங்கள்: பேட்டரி, பம்ப், பிளஸ் இழப்பு, எர்த் இழப்பு. பம்ப் ஓடாத வண்டி என்றால், பல்பை மாட்டி எடுத்த அளவை எழுதுங்கள். கழற்றிய பம்ப்பையும் அவர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.